காந்தம் ஒட்டிய கம்பி

ஷோபனாவின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று, மாப்பிள்ளை ரவிக்குமார் தொங்கிப்போன முகத்தோடு தீவின் கடலோரச் சிப்பிகாட் ஊரில் வந்து இறங்கினான். மணப்பெண் இருந்தது ஷாதிபூரில். அவன் தேடி வந்தது அவளுடைய அத்தை மரகதத்தை. தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் இரண்டு துண்டாகப் போன ஒரு கம்பி.

மரகதம் பழைய இரும்பு வாங்கி விற்பவள். கபாடி என்றால் இந்தியில் பழைய சாமான் வியாபாரி; தமிழர், வங்காளி, தெலுங்கர் என்று யார் வாயிலும் அவள் ‘மரகதம் கபாடி’தான். சுனாமியின்போது தரை தாழ்ந்து, உள்ளே வந்த கடல் திரும்பிப் போகாமலே தங்கிவிட்ட ஓரத்தில் இருந்தது அவள் முற்றம். ஓதம் ஏறினால் பாதி முற்றம் தண்ணீருக்குள் போய்விடும். வற்றினால் ஜீப் அச்சும் தண்டவாளத் துண்டும் கப்பல் கைப்பிடியும் சேற்றுக்குள்ளிருந்து தலைகாட்டும். இன்னொருத்தியாக இருந்தால் எப்போதோ இடத்தை மாற்றியிருப்பாள். மரகதம் மேட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, உப்புத் தண்ணீர் பட்டால் கெடும் சரக்கை மேலேயும் கெடாத சரக்கைக் கீழேயும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

“அத்தை, ஷாஃப்ட் போச்சு,” என்றான் ரவிக்குமார். சாக்கை அவிழ்த்து அவள் காலடியில் கொட்டினான்.

அவன் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூ ஃபிளாட்டில் இருப்பவன். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, மழை வெயில் பார்க்காமல் பாடுபட்டுப் புதுசு போலாக்கியிருந்தான். கல்யாணத்தன்று காலையில் மேளதாளத்தோடு அந்தப் படகிலேயே துறைமுகத்தைக் கடந்து ஃபீனிக்ஸ் பே பக்கம் வந்து இறங்கப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். கார் எல்லாம் வேண்டாம் என்று பெண்ணின் அப்பா, மரகதத்தின் அண்ணன் ஜெகநாதனிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது வெள்ளோட்டம் விட்ட இடத்தில், என்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு படாரென்று முறிந்துவிட்டது. பின்னால் சுக்கான் மறித்ததால் விசிறி மட்டும் கடலுக்குள் போகாமல் தப்பித்தது.

“ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தான் வித்தான். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கல பாருங்க.”

மரகதம் துண்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் அவள் இடுப்பில் கயிற்றோடு தொங்கும். அதை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. முறிந்த இடத்தைச் சுற்றி டீக் கறை மாதிரிப் பழுப்பும், ஊசி குத்தினாற்போலக் குழிகளும் இருந்தன.

“ஸ்டெயின்லெஸ்தான். அவன் பொய் சொல்லல,” என்றாள். “ஆனா இது இருநூத்தி ரெண்டு. சட்டி பானைக்கு ஆகும். கடலுக்கு ஆகாது.”

“ஸ்டெயின்லெஸ்ல என்ன அத்தை இத்தனை ஜாதி?”

“அரிசியில இல்லையா? பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒண்ணாவா வேகுது? மெயின்லேண்டுல கேட்டியா?”

“சென்னையில இருக்காம். புயல் சின்னம்னு கப்பல் கிளம்பல. இவ்வளவு நீளத்தை ஃப்ளைட்ல ஏத்த மாட்டேங்கறாங்க. எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வரும்.” அவன் தலையைச் சொறிந்துகொண்டான். “லேத் பட்டறை காத்தமுத்து அண்ணன்தான் சொன்னாரு, இந்தத் தீவுல கிடைச்சா உங்ககிட்டதான் கிடைக்குமாம். நாளைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரட்டுமா? கப்பல் ரிப்பேர் பாக்கறவரு. ஸ்ரீதர் சார்.”

“கூட்டிட்டு வா. ஆனா தண்ணி வத்துற நேரமா வா. ஏறியிருந்தா நீச்சல் அடிச்சுத்தான் தேடணும்.”

மறுநாள் ஸ்ரீதர் வந்தார். மரகதத்தைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நாகப்பட்டினத்துக்காரர், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபோர்மேன். மனைவி போய் வெகுகாலமாகிவிட்டது. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். கழுத்தில் நூலில் கட்டிய கண்ணாடி, சட்டைப் பையில் பருமன் அளக்கும் வெர்னியர். வந்ததும் உட்கார நாற்காலி தேடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சேற்றில் இறங்கினார். மரகதத்துக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

“மேடம், இதுல எதெல்லாம் முன்னூத்திப் பதினாறு?” என்று ஸ்டெயின்லெஸ் குவியலைக் காட்டிக் கேட்டார்.

“எனக்குத் தெரியாது. கடலுக்குத் தெரியும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் குனிந்து மூன்று கம்பிகளை இழுத்துப் போட்டாள். மூன்றும் ஒரே குவியலில், ஒரே சேற்றில், ஒரே தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடந்தவை. முதல் கம்பி உடம்பெல்லாம் பழுப்பு. இரண்டாவது தூரத்திலிருந்து பார்த்தால் பளபளப்பு, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. மூன்றாவதைச் சேலைத் தலைப்பால் துடைத்ததும் அது நேற்றுக் கடையில் வாங்கினது போல மின்னியது.

“இருநூத்தி ரெண்டு, முன்னூத்தி நாலு, முன்னூத்திப் பதினாறு,” என்றாள். “காந்தம் மூணுலயும் ஒட்டாது. அதனால அதை நம்பிப் பிரிக்க முடியாது. இங்க போட்டு வெச்சா தானாப் பிரிஞ்சிக்கும்.”

ஸ்ரீதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு. “லேபரட்டரில இதுக்குன்னு ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க. உள்ள பீஸை வெச்சு உப்புத் தண்ணிய புகையா அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. நீங்க ஒரு வளைகுடாவையே வெச்சிருக்கீங்க.”

“அது என்ன சார், மூணும் இரும்புதானே? ஏன் இப்படி வேற வேறயா நடந்துக்குது?” என்று ரவிக்குமார் கேட்டான்.

ஸ்ரீதர் பழுப்புக் கம்பியைத் தூக்கினார். “எல்லாத்துலயும் முக்கால்வாசி இரும்புதான் தம்பி. குரோமியம் கலந்தா மேல ஒரு தோல் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. கீறினா உடனே திரும்பவும் மூடிக்கும். அதுதான் ஸ்டெயின்லெஸ். அதுகூட நிக்கல் சேர்த்தா வளையும், நெளியும், உடையாது. இதுல நிக்கலைக் குறைச்சுட்டு மாங்கனீசைப் போட்டு ஒப்பேத்தியிருக்காங்க, குரோமியமும் கொஞ்சம் கம்மி. சமையலறையில பரவாயில்ல. கடல் உப்பு அந்தத் தோல்ல ஓட்டை போட்டுடும். படகுல தண்டு போற குழாய்க்குள்ள தண்ணி தேங்கி நிக்குது பாருங்க, அங்க காத்தும் படாது, தோல் மூடிக்கவும் முடியாது. அதான் உங்க ஷாஃப்ட் உள்ளுக்குள்ளயே அரிச்சுப்போச்சு.” பிறகு மின்னும் கம்பியை எடுத்தார். “இதுல மாலிப்டினம்னு ஒண்ணு இருக்கு. நூறு கிலோவுக்கு ரெண்டு மூணு கிலோதான். உப்பு ஓட்டை போடறதை அதுதான் தடுக்குது.”

அந்தப் பெயரை மரகதம் வியாபாரிகள் வாயில் ‘மாலி, மாலி’ என்று கேட்டிருக்கிறாள். மாலி போட்ட சரக்குக்குத் தனி மதிப்பு என்று தெரியும். அது உள்ளே இருந்து என்ன வேலை செய்கிறது என்று இன்றைக்குத்தான் ஒருவர் சொல்லிக் கேட்டாள். மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: மாலிப்டினம்.

ஆனால் தேடியது கிடைக்கவில்லை. சுத்தமாக இருந்ததெல்லாம் மெல்லிய கைப்பிடிக் கம்பிகள். ஷாஃப்ட்டுக்கு வேண்டிய பருமனில் இருந்ததெல்லாம் குழி விழுந்தவை. இன்னும் ஒரு குவியல் கீழே, தண்ணீருக்குள் இருந்தது. அது வெளியே வர நேரமாகும்.

காத்திருக்கும் நேரத்தில் மரகதம் டீ போட்டாள். டீயைக் குடித்துக்கொண்டே ஸ்ரீதர் கொட்டகையில் இருந்த கிரைண்டரைப் பார்த்தார்.

“தீப்பொறி பார்ப்பீங்களா?”

“பார்க்காம எப்படிப் பிரிக்கறது?”

“நாங்க டிப்ளமோ படிக்கும்போது சுவத்துல படம் மாட்டியிருப்பாங்க. எந்த இரும்புக்கு எந்தப் பொறின்னு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன்.”

“அப்ப பரீட்சை வெச்சிடலாம்,” என்றாள் மரகதம்.

ஒவ்வொரு துண்டாகச் சாக்கில் சுற்றி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி கிரைண்டரில் வைத்தாள். முதல் துண்டு நீள நீளமாக மஞ்சள் கோடு போட்டது. எங்கோ ஒன்றிரண்டு கோடு மட்டும் முனையில் கிளை விட்டது. “மைல்டு ஸ்டீல்,” என்றார் ஸ்ரீதர். சரி. இரண்டாவது, கோடு போன வழியெல்லாம் பூப்பூவாக வெடித்தது. “ஸ்பிரிங். ஜீப் பட்டை.” அதுவும் சரி. மூன்றாவது, சக்கரத்தை விட்டு வெளியே வந்த உடனே புதர் மாதிரி அடர்த்தியாகச் சிதறியது. கம்பி மத்தாப்பைக் கொத்தாகப் பிடித்துக் கொளுத்தினாற்போல இருந்தது. “அரம்,” என்று சொல்லிவிட்டு அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். “வெடிக்கறது எல்லாம் கார்பன், மேடம். கரி. முதல்ல போட்டதுல நூறு கிலோவுக்குக் கால் கிலோகூட இருக்காது. அரத்துல ஒரு கிலோவுக்கு மேல. கரி கூடக் கூட இரும்பு கெட்டியாகும், கூர் நிக்கும். ரொம்பக் கூடினா வறட்டுத்தனம் வந்து உடையும்.”

“எந்த அளவுக்குக் கூடினா?”

“மூணு, நாலு கிலோ.”

“அப்ப இது?” அவள் நான்காவது துண்டை வைத்தாள். செம்மண் நிறத்தில் குட்டையாகப் பொறி வந்து உடனே அணைந்தது.

ஸ்ரீதர் யோசித்தார். ரவிக்குமார் ஆவலோடு பார்த்தான். “ஸ்டெயின்லெஸ்,” என்றார்.

மரகதம் சாக்கைப் பிரித்தாள். பழைய என்ஜின் பிளாக்கின் ஒரு மூலை. வார்ப்பிரும்பு.

“இப்பத்தானே சொன்னேன், மூணு நாலு கிலோ கரின்னு,” என்று ஸ்ரீதர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். “இவ்வளவு கரி இருந்தும் ஏன் வெடிக்கல?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் படிச்சவரு.”

“எனக்கும் இப்ப ஞாபகம் வரல. கண்டுபிடிச்சு வந்து சொல்றேன்.”

வந்து சொல்கிறேன் என்று அவர் சொன்னதை மரகதம் கவனித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க, தண்ணி வத்திடுச்சு,” என்றாள்.

கீழ்க்குவியலும் கைவிட்டது. இரண்டு நல்ல தண்டு இருந்தன, இரண்டும் குட்டை. ரவிக்குமார் சேற்றிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். “பரவால்ல அத்தை. கார்ல வந்துடறேன்.” அவன் குரலைக் கேட்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சாமான் ஏற்றிவரும் தன் டுங்கிப் படகு ஓதத்தில் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கப்போவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டுங்கி ஒரு முளையில் கட்டியிருந்தது. சேற்றில் அடித்து இறக்கிய ஆளுயரக் கம்பி, பருத்தது. ஸ்ரீதர் பின்னாலேயே வந்து அதன் மேல் கைவைத்தார்.

“இது என்ன?”

“அது சாதா இரும்பு. காந்தம் ஒட்டும். ரொம்ப நாளா படகு கட்ட வெச்சிருக்கேன்.”

அவர் வெர்னியரைத் திறந்து கம்பியைக் கவ்விப் பார்த்தார். வேண்டிய பருமனைவிட ஒரு நூல் கூட. பிறகு கீழே குனிந்து அப்பியிருந்த சிப்பிகளைக் கத்தியால் சுரண்டினார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“ரொம்ப நாளான்னா?”

“சுனாமிக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அடிச்சது. மாயாபந்தர் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகு பாறையில ஏறி உடைஞ்சுது. அந்தச் சுமையில வந்தது.”

“தினம் ரெண்டு தடவை கடல் தண்ணி ஏறி இறங்குது. சாதா இரும்புன்னு சொல்றீங்க. துரு எங்க, மேடம்?”

மரகதம் கம்பியைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தினமும் அந்த முளையில் கயிற்றைக் கட்டி அவிழ்த்திருக்கிறாள். ஒருநாளும் கையில் துருக்கறை ஒட்டியதில்லை. காந்தத்தை எடுத்து வைத்தாள். டக்கென்று ஒட்டியது. இழுத்தாள். சாதா இரும்பில் இழுப்பதைப் போல அவ்வளவு பலமில்லை, இருந்தாலும் ஒட்டத்தான் செய்தது. காந்தம் ஒன்று சொல்லிற்று, கடல் வேறொன்று சொல்லிற்று. வாழ்நாளெல்லாம் இரண்டையும் நம்பியவளுக்கு முதல்முறையாக இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

“காந்தம் ஒட்டுற ஸ்டெயின்லெஸ் உண்டு,” என்றார் ஸ்ரீதர் மெதுவாக. “குரோமியம் மட்டும் போட்டது, நிக்கல் இல்லாதது. ஆனா அது இங்க என்னைக்கோ அரிச்சிருக்கும். இது அது இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வாய்விட்டுச் சொல்லப் பயமா இருக்கு. பிடுங்கலாமா?”

மூன்று பேரும் சேர்ந்து ஆட்டி, தோண்டி, கடைசியில் டுங்கியை முளையோடு இறுக்கிக் கட்டி ஏறும் ஓதத்தில் விட்டு அதன் இழுப்பிலேயே முளையைப் பிடுங்கினார்கள். வெளியே வந்தபோது ரவிக்குமார் மல்லாக்க விழுந்தான். சேறு பூசிய முகத்தோடு கிடந்தபடியே சிரித்தான். சேற்றுக்குள் புதைந்திருந்த பாதி மேல்பாதியைவிடப் பளபளப்பாக இருந்தது.

ஃபீனிக்ஸ் பேயில் அந்த வாரம் ஒரு கப்பலின் தகடுகளைப் பரிசோதிக்கச் சென்னையிலிருந்து விஜயகுமாரி என்று ஒரு இன்ஜினியர் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். புயல் சின்னத்துக்கு முந்தின கப்பலில் வந்து, வாந்தியெடுத்துக் களைத்திருந்தும் பேச்சில் உற்சாகம் குறையாத பெண். அவளிடம் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கருவி இருந்தது. உலோகத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினால் உள்ளே என்னென்ன எவ்வளவு என்று சொல்லிவிடும். மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், வெளியே இருந்த வேப்பமரத்தடியில் கம்பியைக் கிடத்தி நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்க வந்தவர்களைப் போல எல்லோரும் கம்பியையே பார்த்தார்கள்.

விஜயகுமாரி துப்பாக்கியை வைத்தாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள்.

“குரோமியம் இருபத்திரெண்டு,” என்று படித்தாள். “நிக்கல் அஞ்சரை. மாலிப்டினம் மூணுக்கு மேல. கொஞ்சம் மாங்கனீசு. மிச்சம் இரும்பு. கார்பனும் நைட்ரஜனும் இந்த மெஷின் கண்ணுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.” அவள் தலையைத் தூக்கினாள். “ஸ்ரீதர் சார், இது டூப்ளெக்ஸ். இதை எங்க பிடிச்சீங்க?”

“படகு கட்டுற முளை,” என்றாள் மரகதம்.

விஜயகுமாரி சிரித்துக்கொண்டே கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான் நினைச்சேன், நினைச்சேன்,” என்று ஸ்ரீதர் மரகதத்தின் பக்கம் திரும்பினார். அவர் கைகள் பேச்சோடு சேர்ந்து அலைந்தன. “நிக்கல் எட்டு, பத்துன்னு இருந்தா இரும்போட உள் அடுக்கு முழுக்க மாறிடும். காந்தம் பிடிக்காது. இதுல நிக்கல் பாதிதான். அதனால பாதி அடுக்கு மாறியிருக்கு, பாதி மாறல. மாறாத பாதியைத்தான் உங்க காந்தம் பிடிச்சுது. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா பின்னிக்கிட்டு நிக்கறதால முன்னூத்திப் பதினாறைவிட ரெண்டு பங்கு பலம். உப்பும் அவ்வளவு சீக்கிரம் தொடாது. ஷாஃப்ட்டுக்குன்னே செய்யறது இது.”

“அப்ப அந்த உடைஞ்ச படகுல இது ஷாஃப்ட்டாத்தான் இருந்திருக்கு?”

“ஆமா.”

மரகதம் வாயில் கைவைத்துக்கொண்டாள். “ஐயோ, காந்தம் ஒட்டுதுன்னு இந்த மாதிரி இன்னும் எத்தனையைச் சாதா இரும்போட சேத்துக் கப்பல்ல ஏத்தினேனோ.” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதைப் பார்த்து விஜயகுமாரிக்கும் அடங்கவில்லை. ரவிக்குமார் அதற்குள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டான்.

காத்தமுத்துவின் லேத்தில் வேலை லேசில் முடியவில்லை. சுத்தியலடி பட்டு விரிந்திருந்த தலையை வெட்டி எடுக்கும்போதே இரண்டு ரம்பத் தகடு பல் போயிற்று. “இது என்ன அண்ணே, கல்லு மாதிரி நிக்குது,” என்று காத்தமுத்து அலுத்துக்கொண்டார். ஸ்ரீதர் லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார்; உளியை ஆழமாக இறக்கச் சொன்னார்; இறக்கிய பிறகு நடுவில் தயங்கி நிறுத்தவே கூடாது என்றார். “தடவிக் கொடுத்தீங்கன்னா இன்னும் கெட்டியாகிடும். துணிஞ்சு வெட்டுங்க.” மோர் நிறத்துக் குளிர்ச்சித் தண்ணீரை விடாமல் ஊற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. மரகதம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, குவளையோடு நின்று ஊற்றினாள். நீலம் பாரித்த சுருள்கள் புகையோடு வந்து விழுந்தன. முழங்கை வரைக்கும் மோர்த் தண்ணீர் தெறித்திருந்தது. இடையில் ஒருதரம் ஸ்ரீதர் அவள் பக்கம் குனிந்து, “வார்ப்பிரும்பு விஷயம் படிச்சிட்டேன்,” என்றார். “அதுல கரி நிறைய இருந்தாலும் பெரும்பாலும் இரும்போட கலக்காம, பென்சில் கரி மாதிரித் தனித்தனிச் சீவலா நிக்குது. வெடிக்கறதுக்குப் பதிலா சும்மா எரிஞ்சு போயிடுது.”

“தண்ணி ஊத்தற நேரத்துல பாடம் எடுக்காதீங்க,” என்றாள். ஆனால் அந்தப் பாடத்தை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

தண்டு படகில் ஏறியது. வெள்ளோட்டத்தில் படகு துறைமுகத்தைச் சுற்றி வந்து, நடுக்கம் இல்லாமல், சத்தம் மாறாமல் ஓடியது.

கல்யாணத்தன்று காலையில் ஷாதிபூரே ஃபீனிக்ஸ் பே படித்துறையில் நின்றது. புயல் விலகிப்போய் வானம் கழுவிவிட்டது போலிருந்தது. முதலில் நாதஸ்வரம்தான் கேட்டது. பிறகு வாழைமரம் கட்டிய படகு தெரிந்தது. படகின் முன்முனையில் மாப்பிள்ளை நிற்கவில்லை. அவனுடைய அம்மா மருதாயி, பட்டுச் சேலையை வரிந்து கட்டி, ஆரத்தித் தட்டு மாதிரி ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படகு நெருங்கியதும் பார்த்தால், தட்டில் இருந்தது பழைய ஷாஃப்ட்டின் முறிந்த துண்டு.

“இதக் கடல்ல போட்டுட்டு வரத்தான் எடுத்தேன்,” என்று இறங்கியதும் மரகதத்திடம் சொன்னாள். “அப்பறம் யோசிச்சேன். மரகதம் இரும்பு வாங்குற ஆள் தானே, சும்மா ஏன் வீணாக்கணும்னு கொண்டாந்துட்டேன்.” கைக்குழந்தையாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்து, பிறகு இன்னொரு கப்பலில் கச்சால் தீவுக்குப் போய், ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் அவள். “பெரிய கப்பல்ல எல்லாம் எங்கள ஏத்திக் கொண்டு போனாங்க. இன்னைக்குத்தான் எங்க சொந்தப் படகுல நாங்களே வந்தோம்,” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு மரகதத்தைக் கட்டிக்கொண்டாள்.

தாலி கட்டியாயிற்று, பந்தி முடிந்தது. ரவிக்குமார் கேட்டவர்களை எல்லாம் படகில் ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கினான். ஷோபனா மாலையோடு சுக்கானைப் பிடித்தாள். மூன்றாம் சவாரியில் மரகதமும் ஏறினாள். பின்பக்கத்தில், என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் ஸ்ரீதர் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

“சத்தம் சரியா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்கு. உங்க முளை எப்படி, டுங்கிக்கு?”

“ஜீப் அச்சு ஒண்ணு அடிச்சிருக்கேன். துருப்பிடிக்கும். பிடிக்கட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மரகதம்,” என்றார். மேடம் போய்விட்டிருந்தது. “நான் ரிடையர் ஆக இன்னும் நாள் இருக்கு. நாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போகணும்னு ஆசை இல்ல. உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா, உங்க அண்ணன்கிட்ட வந்து பேசலாம்னு நினைக்கறேன்.”

இளவயதில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. கடையை மூடிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான்காமவரோடு அவள் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

“கடை?” என்று மட்டும் கேட்டாள்.

“கடை என்ன?”

“கடை இருக்கும்.”

“பின்ன? அதுக்குத்தானே வரேன்னு சொல்றேன்,” என்றார் ஸ்ரீதர் வெகுளியாக. சொன்னது தப்பாகிவிட்டதோ என்று உடனே பதறினார். “அதுக்கு மட்டும் இல்ல.”

மரகதம் துறைமுகத்தைப் பார்த்தாள். காது சூடாக இருந்தது. “அண்ணன்கிட்ட அப்பறம் பேசலாம். நான்தான் கட்டிக்கப் போறேன், என்கிட்ட முதல்ல பேசுங்க,” என்றாள்.

“பேசிட்டேனே.”

“நானும் சொல்லிட்டேனே.”

அவர்களுக்கு முன் வரிசையில், தூங்குவது போல் சாய்ந்திருந்த மருதாயி கண்ணைத் திறந்தாள். திரும்பி இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பந்திச் சாப்பாட்டின் மயக்கத்தில் தவிலைத் தலையணையாக வைத்துக்கொண்டு கிடந்த தவில்காரரின் தோளைத் தட்டினாள்.

“எழும்புங்க அண்ணே. இன்னொருக்கா கெட்டிமேளம்.”

“யாருக்கும்மா?”

“வாசிங்க, பொறகு சொல்றேன்.”

அவர் வாசித்தார். ஷோபனா திரும்பிப் பார்த்தாள், அத்தையின் முகத்தைக் கண்டு புரிந்துகொண்டாள், சுக்கானைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. எதிரே பாம்பூ ஃபிளாட்டிலிருந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த பெரிய ஃபெர்ரியில் இருந்தவர்கள், நடுத்துறைமுகத்தில் கெட்டிமேளம் கேட்டு ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன ஏதென்று தெரியாமலே கையசைத்தார்கள். மரகதமும் கையைத் தூக்கி அசைத்தாள்.